19 வண்டிகளோடு இன்னும் 34: பழைய ஸ்னோமொபைல்களை மொத்தமாக வாங்கலாமா?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் வசிக்கும் ஒரு நண்பர் கேட்டிருக்கும் கேள்வி சுருக்கமாக இதுதான். அவரிடம் ஏற்கெனவே 19 பழைய ஸ்னோமொபைல்கள், அதாவது முன்னால் சறுக்குக் கட்டைகளும் அடியில் சுழலும் ரப்பர்ப் பட்டையும் (ட்ராக்) கொண்ட பனி மோட்டார் வண்டிகள், இருக்கின்றன. பக்கத்து ஊரில் முதியவர் ஒருவர், வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய் இருக்கப்போவதால், தம்மிடம் உள்ள 34 வண்டிகளையும் ஒரே விலைக்கு மொத்தமாகத் தருவதாகச் சொல்கிறார். கொட்டகையில் இடம் இருக்கிறது, கையில் பணமும் இருக்கிறது, வாங்கிவிடலாமா, இது நல்ல முதலீடுதானா என்று நண்பர் கேட்கிறார். கேள்வி விலையைப் பற்றியது போலத் தோன்றினாலும், அவர் எழுதியிருப்பதை இரண்டு முறை படித்த பிறகு, 53 வண்டிகளுக்குச் சொந்தக்காரராக இருந்து தம்மால் தாக்குப்பிடிக்க முடியுமா என்பதைத்தான் அவர் கேட்கிறார் என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் சொல்ல முயல்கிறேன்.

நான் 22 ஆண்டுகளாகச் சிறிய எஞ்சின்களைப் பழுதுபார்ப்பதைத் தொழிலாகச் செய்து வருகிறேன். அவற்றில் பெரும்பாலானவை டூ ஸ்ட்ரோக் எஞ்சின்கள். ஒரு கட்டத்தில் என்னிடமே 31 ஸ்னோமொபைல்கள் இருந்தன. இப்போது 14 இருக்கின்றன. இடையில் கைமாறிய 17 வண்டிகளில் ஒன்றைக்கூட நான் லாபம் கருதி விற்கவில்லை. கவனிக்க முடியாமல் போனதால்தான் விற்றேன், அதிலும் சிலவற்றை நேரம் கடந்த பிறகே விற்றேன். ஆகவே என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 34 வண்டிகளையும் வைத்துக்கொள்ளும் எண்ணத்தோடு வாங்காதீர்கள். ஒருவர் எத்தனை வண்டி வைத்திருக்கலாம் என்பதைக் கொட்டகையின் நீளமோ வங்கிக் கணக்கோ தீர்மானிப்பதில்லை; ஒரு குளிர்காலத்துக்குள் எத்தனை வண்டிகளைக் கிளப்பி, நன்றாகச் சூடேறும் வரை பனியில் ஓட்டி, மறுபடி முறையாக நிறுத்திவைக்க அவரால் முடியும் என்பதே தீர்மானிக்கிறது.

ஓடித் தேய்ந்த வண்டிகளைவிட நின்று கெட்ட வண்டிகளே என் பட்டறைக்கு அதிகம் வருகின்றன. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலும் காற்றும் ஆயிலும் கலந்த கலவை முதலில் கிராங்க் கேஸுக்குள் சென்று, அங்கிருந்துதான் சிலிண்டருக்கு ஏறுகிறது. அதாவது பிஸ்டனுக்குக் கீழே உள்ள அந்த அறையே ஒரு பம்பு. கிராங்க் ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் ஆயில் சீல்கள்தான் அந்தப் பம்பின் காற்றுக் கசிவைத் தடுக்கின்றன. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் வரை கலவையில் உள்ள ஆயில் சீலின் உதட்டை நனைத்துக்கொண்டே இருக்கும். பல ஆண்டுகள் நின்றுவிட்டால் அந்த உதடு காய்ந்து, கெட்டியாகி, ஷாஃப்டிலிருந்து மயிரிழை அளவுக்கு விலகிவிடும். அந்த இடைவெளி வழியாக வெளிக்காற்று உள்ளே போனால் கலவையில் பெட்ரோலின் பங்கு குறையும், ஆயிலும் சேர்ந்து குறையும், பிஸ்டன் அளவுக்கு மீறிச் சூடாகும். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஆறு ஆண்டுகள் நிறுத்தி வைத்திருந்த என் 340 சிசி வண்டி ஒன்று, மூன்றாவது இழுப்பிலேயே கிளம்பியது. ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் உடனே இறங்காமல் சற்று நேரம் தயங்கித் தயங்கி இறங்கியது. அது எவ்வளவு தெளிவான எச்சரிக்கை என்பது தொழில் தெரிந்த எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அன்று பனி நன்றாக இருந்தது, ஆசை யாரை விட்டது. உறைந்த ஏரியின் நடுவே முழு வேகத்தில் போகும்போது எஞ்சின் ஒரு கீச்சொலியோடு இறுகி நின்றது. பிறகு சிலிண்டரைக் கழற்றிப் பார்த்தபோது, புகை வெளியேறும் துளைப் பக்கத்தில் பிஸ்டனின் அலுமினியம் உருகி, சிலிண்டர் சுவரில் மெழுகு தடவியதுபோல் அப்பிக்கிடந்தது. கிளட்ச் பக்கத்துச் சீலை ஸ்க்ரூடிரைவர் முனையால் தொட்டேன். ரப்பர் உதடு காய்ந்த சருகைப்போல் ஒடிந்து விழுந்தது.

அன்று முதல், நீண்ட நாள் நின்ற எந்த எஞ்சினையும் கசிவுச் சோதனை செய்யாமல் நான் பனியில் இறக்குவதில்லை. கார்புரேட்டர் பொருந்தும் வாயையும் சைலன்சர் பொருந்தும் வாயையும் அடைத்துவிட்டு, கைப்பம்பால் 6 அல்லது 7 பி.எஸ்.ஐ அழுத்தம் கொடுத்துச் சில நிமிடங்கள் முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இறங்கினால் சோப்பு நீர் தடவிக் குமிழி எங்கே வருகிறது என்று தேட வேண்டும். வேலை எளிதானதுதான், ஆனால் அடைப்பான்களைப் பொருத்திக் கழற்றுவதையும் சேர்த்தால் ஒரு வண்டிக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. 34 வண்டிகளுக்கு இந்த ஒரு சோதனைக்கு மட்டும் எத்தனை வார இறுதிகள் தேவைப்படும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பெட்ரோல் அடுத்த தலைவலி. வட அமெரிக்காவில் இன்று கிடைக்கும் சாதாரணப் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் ஒரு அளவைத் தாண்டியதும் நீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். எஞ்சினுக்குப் பெட்ரோலை உறிஞ்சும் குழாயின் வாயும் அதே அடியில்தான் இருக்கிறது. ஆகவே நிறுத்திவைத்த வண்டியைக் கிளப்பும்போது எஞ்சினுக்குள் முதலில் போவது ஆயில் சேராத அந்தக் கழிவுதான். கார்புரேட்டரின் உலோகத்தில் வெள்ளைப் பூஞ்சைபோல் படிவதும், பழைய டில்லாட்சன் கார்புரேட்டர்களின் மெல்லிய டயஃப்ரம் தோல் விறைத்துப் போவதும் இதே வழியில் வருபவை. இதற்கு மருந்துபோல் விற்கப்படும் திரவங்கள் ஓரளவுக்கு உதவுகின்றன. ஒரு கோடைக்காலத்தைத் தாண்ட அவை போதும் என்பது என் அனுபவம். மூன்று நான்கு ஆண்டுகள் நிற்கப்போகிற வண்டிக்கு அவற்றை நம்ப மாட்டேன், டேங்கையும் கார்புரேட்டரையும் முழுவதும் வடித்துவிடுவேன்.

இப்போது நேரத்துக்கு வருகிறேன். என் பட்டறைக் குறிப்புப் புத்தகத்தின்படி, நல்ல நிலையில் உள்ள ஒரு பழைய வண்டிக்கு இலையுதிர்காலத்தில் இரண்டு மணி நேரமும், பருவம் முடிந்து நிறுத்தும்போது இரண்டு மணி நேரமும், இடையில் வெளியே கொண்டுபோய் ஓட்டித் திரும்பக் குறைந்தது ஒரு மணி நேரமும் ஆகின்றன. நிறுத்தும் வேலையில் பெட்ரோலை வடிப்பது, ஸ்பார்க் பிளக் துளை வழியாகச் சிலிண்டருக்குள் காப்பு ஆயிலைத் தெளித்து, எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை மெதுவாக இழுத்துப் பரப்புவது, கிளட்ச் பெல்ட்டைக் கழற்றிவைப்பது, ட்ராக்கின் இறுக்கத்தைத் தளர்த்திப் பின்பக்கத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்துவது எல்லாம் அடங்கும். ஆண்டுக்கு ஐந்து மணி நேரம் என்று வைத்தால் 53 வண்டிகளுக்கு 265 மணி நேரம். எதுவுமே பழுதாகாத ஆண்டின் கணக்கு இது. அப்படி ஓர் ஆண்டை நான் இதுவரை பார்த்ததில்லை. யானையை வாங்குவது ஒரு நாள் செலவு, அதைக் கட்டித் தீனி போடுவது அன்றாடச் செலவு. வேலைக்குப் போய்வரும் ஒருவரால் தனியாளாகச் சுமார் 15 வண்டிகளை உயிரோடு வைத்திருக்க முடியும் என்பது என் மதிப்பீடு. ஓய்வுபெற்றவராக இருந்து, உதவிக்கு இன்னொரு கையும் இருந்தால் 30 வரை போகலாம். இது என்னையும் எனக்குத் தெரிந்த ஐந்தாறு பேரையும் வைத்துச் சொல்லும் கணக்குதான், விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

"பனி இல்லாத மாதங்களில் கொட்டகை வாசலிலேயே அவ்வப்போது கிளப்பி ஓட்டிவிட்டால் போதாதா?" என்று உங்கள் கேள்வியில் ஒரு வரி இருந்தது. போதாது என்பதோடு, அது கெடுதலும்கூட. ட்ராக்கின் உட்புறத்தைத் தாங்கும் சறுக்குத் தண்டுகளின் அடியில் உள்ள பிளாஸ்டிக் பட்டைகளுக்குப் பனியே வழவழப்பும் குளிர்ச்சியும் தருகிறது. புல்லிலோ சிமென்ட் தரையிலோ சில நூறு மீட்டர் ஓடினாலே அவை இளகித் தேயத் தொடங்கும். நீரால் குளிரும் எஞ்சின் உள்ள வண்டிகளில், ட்ராக் வாரியிறைக்கும் பனிதான் ட்ராக்குக்கு மேலே மூடியிருக்கும் உலோகக் கூட்டில் உள்ள குளிர்விப்பானையும் குளிர்விக்கிறது. பின்பக்கத்தைத் தாங்கியில் தூக்கிவைத்துச் சில நிமிடங்கள் ஓட்டலாம். ஆனால் சுழலும் ட்ராக்குக்குப் பின்னால் ஒருவரையும் நிற்க விடாதீர்கள். பழைய ட்ராக்கிலிருந்து ஒரு இரும்புப் பட்டை கழன்றால் அது எந்த வேகத்தில் பறக்கும் என்பதற்கு என் பட்டறைச் சுவரில் ஒரு குழி இன்றும் சாட்சியாக இருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு எஞ்சினை ஓட்டக் கூடாது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இடம் இருக்கிறது என்கிறீர்கள். ஒரு பழைய வண்டி ஏறத்தாழ இரண்டரை மீட்டர் நீளமும் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலமும் இருக்கும். சுற்றி நடக்க வழி விட்டால் ஒன்றுக்கு நான்கு சதுர மீட்டர் வேண்டும். 53 வண்டிகளுக்கு 200 சதுர மீட்டருக்கு மேல் ஆகும். அடுக்குச் சட்டம் போட்டு ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றலாம், ஆனால் மேலே ஏறிய வண்டி கீழே இறங்காது என்பது கிட்டத்தட்ட இயற்கை நியதி. இடத்தைவிட எனக்குக் கவலை தருபவை இரண்டு. ஒன்று எலி. இருக்கைப் பஞ்சைக் கிழித்து, அதைக் காற்று உறிஞ்சும் பெட்டிக்குள் அடைத்து, மேலே மேப்பிள் விதைகளைச் சேர்த்துவைத்திருக்கும் கூட்டை ஒரு முறை வெளியே எடுத்தவர், கயிற்றை இழுக்கும் முன் அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்க மறக்க மாட்டார். இன்னொன்று தீ. ஒரு டேங்கில் சுமார் 20 லிட்டர் என்றால், எல்லா டேங்குகளையும் வடிக்காமல் நிரப்பி நிறுத்தினால் ஆயிரம் லிட்டருக்கு மேல் பெட்ரோல் ஒரு மரக் கொட்டகைக்குள் இருக்கும். வீட்டுக் காப்பீடு இதைத் தானாகவே ஏற்கும் என்று எண்ணாதீர்கள். காப்பீட்டாளரிடம் எண்ணிக்கையை எழுத்தில் சொல்லி, முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்புக்குப் பாலிசி கிடைக்குமா என்று கேளுங்கள்.

முதலீடு என்ற பகுதிக்குப் பதில் சொல்ல, இந்த வண்டிகள் எப்படி இவ்வளவு மலிந்தன என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். விஸ்கான்சின் மாநிலத்தின் சேய்னரில் கார்ல் எலியாசன் 1924-இல் படகு மோட்டாரைச் சறுக்குப் பலகையில் பொருத்தித் தம் முதல் வண்டியைச் செய்தார். கியூபெக்கின் வால்கூர் ஊரில் ஜோசப் அர்மான் பொம்பார்டியே 1930களில் பலர் அமரும் பெரிய பனி ஊர்திகளைக் கட்டத் தொடங்கி, 1959-இல்தான் சிறிய ஸ்கி-டூவைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். முதல் ஆண்டில் 225 வண்டிகளே விற்றன. உங்கள் மாநிலத்தின் ரோசோவில் போலாரிஸின் முதல் வண்டி 1956-இல் உருவானது. அதன் நிறுவனர்களில் ஒருவரான எட்கர் ஹெட்டீன் பிறகு பிரிந்துபோய் தீஃப் ரிவர் ஃபால்ஸில் தொடங்கியதுதான் ஆர்க்டிக் கேட். பத்தே ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. 1970களின் தொடக்கத்தில் 100-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இந்த வண்டிகளைச் செய்தன, 1971 வாக்கில் வட அமெரிக்காவில் ஆண்டு விற்பனை ஏறத்தாழ 5 லட்சத்தைத் தொட்டது. பிறகு எண்ணெய் நெருக்கடி வந்தது, பனி குறைந்த குளிர்காலங்களும் சேர்ந்துகொண்டன, பெரும்பாலான நிறுவனங்கள் மூடிவிட்டன. 1968 முதல் இந்தத் தொழிலில் இருந்த யமஹாவும் 2025 மாடலோடு விலகுவதாக அறிவித்துவிட்டது.

இதிலிருந்து எனக்கு உறுதியாகத் தெரிவது ஒன்று: 1970களின் சாதாரணக் குடும்ப வண்டிகள் அபூர்வப் பொருள்கள் அல்ல. லட்சக்கணக்கில் விற்றவை இன்னும் ஆயிரக்கணக்கில் கொட்டகைகளில் கிடக்கின்றன. சீர்செய்யாத நிலையில் அவை சில நூறு டாலருக்குக் கைமாறுகின்றன. சீர்செய்ய ஆகும் செலவு எளிதில் சில ஆயிரம் டாலரைத் தாண்டும், அந்த ஆயிரங்கள் விற்பனையில் திரும்பி வருவதில்லை. குறைந்த எண்ணிக்கையில் செய்யப்பட்ட பந்தய வண்டிகள், ஒரு நிறுவனத்தின் முதல் ஆண்டு வண்டிகள், பெயிண்டும் இருக்கைத் துணியும்கூட மாறாமல் ஆவணங்களோடு இருப்பவை ஆகிய மூன்று வகைக்கு மட்டும் நல்ல விலை நிற்கிறது. அந்த விலையும் மேலும் ஏறுமா என்பது சந்தேகத்துக்குரியது. இளமையில் இந்த வண்டிகளை ஓட்டியவர்களே இன்று பெரும்பாலும் வாங்குபவர்கள். அவர்களுக்கு வயதாகிறது, உங்களிடம் விற்க வந்திருக்கும் முதியவரைப்போலவே பலரும் ஒரே சமயத்தில் விற்கத் தொடங்குகிறார்கள். விலை இறங்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் ஏறும் என்ற நம்பிக்கையில் பணம் போடுபவருக்கு நான் துணை நிற்க மாட்டேன்.

எதை வைத்துக்கொள்வது என்பதில் என் கருத்து பலருக்கு உடன்பாடானதாக இருக்காது. ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒன்று என்று சேர்ப்பது பார்க்க அழகு, பராமரிக்க நரகம். அன்றைய சிறு நிறுவனங்கள் பலவும் எஞ்சினைத் தாமே செய்யவில்லை, ரோட்டாக்ஸ், ஜே.எல்.ஓ, ஹிர்த், சாக்ஸ், கோலர் போன்றோரிடம் வாங்கிப் பொருத்தின. ஆகவே வண்டியைச் செய்தவர் காணாமல் போயிருந்தாலும் எஞ்சினுக்குப் பிஸ்டனும் சீலும் பல சமயம் கிடைத்துவிடும். கிடைக்காதவை முன்மூடி, கண்ணாடி, விளக்கு வளையம், ட்ராக்கைச் சுழற்றும் பற்சக்கரம் முதலியவைதாம். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த, அதாவது ஒரே நிறுவனத்தின் ஒரே வகையைச் சேர்ந்த ஆறு வண்டிகள் இருந்தால் ஒன்றின் பாகம் இன்னொன்றுக்கு உதவும், ஒரே பெட்டி உதிரிகளும் ஒரே கருவித் தொகுப்பும் போதும், கையும் பழகிவிடும். ஆறு வெவ்வேறு வண்டிகள் என்றால் ஆறு அநாதைகள். உங்களுடைய 19-இல் எந்தக் குடும்பம் அதிகமோ, அந்தக் குடும்பத்து வண்டிகளையே முதியவரின் கொட்டகையிலும் தேடுங்கள். ஆர்க்டிக் கேட் வண்டிகள் சிலவற்றில் சாக்ஸ் நிறுவனத்தின் வாங்கெல் (Wankel) ரோட்டரி எஞ்சின், அதாவது பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோணச் சுழலி சுழலும் எஞ்சின், இருக்கும். பேச்சுக்குச் சுவையானது, ஆனால் சீல்களுக்காக அலைய விருப்பமில்லாதவர் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

பார்க்கப் போகும்போது ஒரு முழு நாளை ஒதுக்குங்கள், கிளப்பிக் காட்டச் சொல்லி அவசரப்படாதீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சில சொட்டு ஆயில் விட்டு, பிளக்கை மறுபடி போட்டு, கயிற்றை மிக மெதுவாக இழுங்கள். ஒரு இடத்தில் ரப்பர்ப் பந்தை அழுத்துவதுபோல் எதிர்ப்பு வந்து, பிறகு தளர வேண்டும். எதிர்ப்பே இல்லாமல் கயிறு நெடுக வந்தால் பிஸ்டன் வளையம் போய்விட்டது, மணல் அரைபடுவதுபோல் கையில் உணர்ந்தால் பேரிங்கில் துரு ஏறிவிட்டது. கிளட்சை இரு கைகளாலும் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் கிராங்க் பேரிங்கின் ஆட்டம் தெரியும். ட்ராக்கை ஒரு முழுச் சுற்று கையால் உருட்டி, ரப்பருக்குள் உள்ள ஃபைபர் கம்பிகள் எங்காவது ஒடிந்து நீட்டிக்கொண்டிருக்கின்றனவா, பற்கள் பிடிக்கும் துளைகள் கிழிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். நல்ல எஞ்சினோடு கெட்ட ட்ராக் இருக்கும் வண்டி வாங்கத் தகாதது, பல மாடல்களுக்குப் புதிய ட்ராக்கின் விலை வண்டியின் விலையைவிட அதிகம். ஒவ்வொன்றின் மீதும் சாக்பீஸால் குறியிடுங்கள்: வைத்துக்கொள்வது, உதிரிக்கு எடுப்பது, கைமாற்றுவது. பார்க்காத வண்டிகளைப் பற்றி நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். 34-இல் முதல் வகையில் எட்டுக்கு மேல் தேறினால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

நீங்கள் தேர்ந்தெடுத்து வாங்க முதியவர் ஒப்புக்கொண்டால் வழி எளிது. எல்லாவற்றையும் எடுத்தால்தான் தருவேன் என்றால், மூன்றாம் வகை வண்டிகள் அடுத்த ஜனவரியோடு உங்கள் கொட்டகையைவிட்டு வெளியேற வேண்டும் என்று இப்போதே தேதி குறித்துக்கொண்டு வாங்குங்கள். உங்கள் மாநிலத்து வகோனியாவில் ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில் கூடும் பழைய வண்டிக்காரர்களின் சந்திப்பு அதற்கு ஏற்ற இடம். அருங்காட்சியகம் எடுத்துக்கொள்ளும் என்று நம்பியிருக்க வேண்டாம். விஸ்கான்சினின் செயின்ட் ஜெர்மெய்னில் உள்ள ஸ்னோமொபைல் ஹால் ஆஃப் ஃபேம் போன்ற இடங்கள் ஒரு கதையோடு வரும் வண்டியைத் தேடுகின்றன, சாதாரண வண்டி எல்லோரிடமும் இருக்கிறது. வாங்கும் ஒவ்வொரு வண்டிக்கும் அதன் உலோகச் சட்டகத்தில் உள்ள எண்ணைத் தனித்தனியே எழுதி விற்பனைச் சீட்டு வாங்குங்கள். உங்கள் மாநிலத்தில் பதிவைக் கவனிப்பது இயற்கை வளத் துறை, "34 வண்டிகள், மொத்தமாக" என்று ஒரே வரியில் எழுதிய சீட்டு பின்னால் ஒரு வண்டியை விற்கும்போது உங்களைத் திண்டாட வைக்கும்.

பணம் கொடுப்பதற்கு முன் அவரோடு ஒரு பிற்பகல் கொட்டகையைச் சுற்றி நடந்து வாருங்கள். போன குளிர்காலத்தில் எதை ஓட்டினீர்கள், எந்த எஞ்சின் எந்த வண்டியிலிருந்து வந்தது, எதற்கு ஆயில் விகிதம் 20-க்கு ஒன்று, எதற்கு 40-க்கு ஒன்று என்று கேளுங்கள். நாற்பது ஆண்டுகளாக அந்த விவரங்கள் அவர் தலைக்குள் மட்டுமே இருந்திருக்கும். சொல்லச் சொல்ல அட்டையில் எழுதி, அந்தந்த வண்டியின் ஹேண்டில்பாரில் கம்பியால் கட்டிவிடுங்கள். நூல் வேண்டாம், எலி கடித்துவிடும்.